பந்தியும் டோக்கனும் ஆவுடை அத்தையும்

ஆகஸ்ட் 18, திங்கள்

சென்னையிலிருந்து வந்து இறங்கியாயிற்று. பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா ஒரு கட்டுப் பத்திரிகையையும் கிண்ணத்தில் மஞ்சளையும் என் முன்னால் தள்ளி, "நாலு மூலைக்கும் தடவுட்டி" என்றாள். தங்கை வடிவுக்கு இந்த முப்பத்தொன்றாம் தேதி கல்யாணம். நான் அக்கா, அதுவும் கல்யாணம் ஆகாத அக்கா. பாளையங்கோட்டையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் வடிவை வாழ்த்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன தேய்ந்தா போகிறது?

லீவு கொடுத்த மேனேஜர் சும்மா கொடுக்கவில்லை. செப்டம்பர் இரண்டாம் தேதி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் ஆன்லைனில் வகுப்பு எடுக்க வேண்டுமாம். தலைப்பு டேட்டா ஸ்ட்ரக்சர். கம்ப்யூட்டருக்குள் தகவலை எப்படி எப்படி அடுக்கி வைக்கலாம், எது எதற்கு ஆகும், எது எங்கே காலை வாரும் என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். "புத்தகத்தைப் படிக்காதீங்க செண்பகம், வாழ்க்கையிலேர்ந்து உதாரணம் கொடுங்க" என்று வேறு சொல்லிவிட்டார். மஞ்சள் கையோடு வாழ்க்கையை எங்கே போய்த் தேடுவது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அவரும் அம்மாவும் அம்பாசமுத்திரத்துக்குப் போய் ஆவுடை அத்தைக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்களாம். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாளாம், காபி கொடுத்தாளாம். கல்யாணத்துக்கு வருவியா என்றதற்கு மட்டும் "பாக்கலாம்" என்றாளாம்.

அத்தை அப்பாவின் ஒரே அக்கா. எட்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. காரணம் ஒரு பந்தி. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நடந்தது. எங்கள் ஊரில் பந்திக்கு ஒரு முறை உண்டு: சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது. அவர் பாயசம் குடிக்கிறாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே நின்று, எழுந்தவுடன் சூடு ஆறுமுன் உட்கார்ந்துவிட வேண்டும். அன்றைக்கு அத்தையும் அப்படி ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பந்திமேல் பந்தி போய்க்கொண்டே இருந்தது, யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

"அவ வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போனா எனக்குப் போதும்ளா" என்றார் அப்பா. "மத்ததெல்லாம் எப்படி நடந்தா என்ன." சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கும் அவர் கண் கலங்கியதற்கும் சம்பந்தம் இல்லை.

எனக்குப் பளிச்சென்று பட்டது. இது குடும்பச் சண்டையே இல்லை, தப்பான டேட்டா ஸ்ட்ரக்சர்! நாற்காலிக்கு நாற்காலி தனித்தனி க்யூ வைத்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு அத்தைமேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் தலை பின்னிவிடுவாள், அவள் இறுக்குகிற இறுக்கில் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும், அவ்வளவுதான் உறவு. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு அமைப்பு தப்பாக இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பந்தியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டேன். வகுப்புக்கு உதாரணமும் ஆயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மொய் எழுத அம்மா, பந்தியை ஆராய நான்.

முதலில் அரே. வரிசையாக, நகராமல், எண் போட்ட நாற்காலிகள். பதினெட்டாவது இடம் எது என்றால் யாரையும் கேட்காமல் நேரே போய் உட்காரலாம், அது அரேயின் அழகு. ஆனால் நடுவில் ஒருவரை நுழைக்கப் பார்த்தால் தெரியும் சேதி. இன்றைக்கு ஒரு பெரியவர் வந்து, "எம் பொஞ்சாதி பக்கத்துலதான் ஒக்காருவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த அம்மாவுக்கு அடுத்து இருந்தவர்கள் எல்லாரும் இலையோடு ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். ரசம் ஊற்றியாயிற்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கடைசி ஆளுக்கு நாற்காலியே இல்லை. இலையை ஏந்திக்கொண்டு நின்றார் பாவம்.

அடுத்து லிங்க்டு லிஸ்ட். இதில் எண் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்தவர் யார் என்பது மட்டும் தெரியும். நம் ஜனங்கள் நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது இதுதான். "இது எங்க மச்சானுக்கு." அதற்கு அடுத்தது? "மச்சான் வந்து சொல்லுவாரு." நடுவில் எத்தனை பேரை வேண்டுமானாலும் நுழைக்கலாம், யாரும் நகர வேண்டாம். ஆனால் அந்த மச்சான் போன் பேச வெளியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் யார் யார் என்பது அவரோடு போய்விட்டது. நான்கு நாற்காலி காலியாகக் கிடக்க, அதைச் சுற்றி ஒரு சண்டை.

அவியல் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஸ்லைடு ஒன்றும் செய்யவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது அளவு தப்பி வந்தது. அம்மா வழக்கம்போல வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மாடியில் யாரோ பழைய சிநேகிதியோடு அரை மணி நேரம் போனில் பேசினாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

க்யூவைக் கொண்டுபோய் அப்பாவிடம் வைத்தேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரிசை, வாசலில் டோக்கன். முதலில் வந்தவர் முதலில் உட்காருவார், கடைசியில் வந்தவர் கடைசியில். இதைவிட நியாயமான அமைப்பு உலகத்தில் இல்லை.

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "மாப்பிள்ள வீட்டாளுகளைச் சீட்டு வாங்கி நிக்கச் சொல்லுவியா? இது என்ன ரேஷன் கடையா? என் மானத்தை வாங்கணும்னே சென்னைல இருந்து வந்திருக்கியாட்டி?"

சரி, அதற்கும் வழி இருக்கிறது என்றேன். ப்ரையாரிட்டி க்யூ. ஆளுக்கு ஒரு மதிப்பு கொடுத்துவிட வேண்டும். எப்போது வந்தாலும் மதிப்பு அதிகமானவருக்கு முதல் இடம். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. உட்கார்ந்து மதிப்புப் போட ஆரம்பித்தோம். சம்பந்திக்கு ஒன்று, அதுதான் உச்சம். சம்பந்தியின் அண்ணனுக்கு? "அவரும் ஒண்ணுதான், இல்லன்னா மொகத்தைத் தூக்கிவச்சுக்கிடுவாரு." அப்பாவின் பழைய ஆபீசருக்கு? ஒன்று. எதிர்வீட்டுக்காரருக்கு? "அவரை எப்படி ரெண்டுனு போடுதது? தெனம் மொகத்துல முழிக்கணும்லா." சாயங்காலத்துக்குள் எல்லாரும் ஒன்று. பால்காரருக்கு மட்டும் இரண்டு போட்டோம், அதையும் அம்மா வந்து ஒன்றாக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஹாஷ் டேபிளை முயன்றேன். இதில் தேடுகிற வேலையே இல்லை. பெயரைச் சொன்னால் ஒரு விதி அதை நேரே ஓர் அறைக்கு அனுப்பிவிடும். நான் வைத்த விதி எளிது: பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு மேசை. க-வுக்கு ஒன்று, ச-வுக்கு ஒன்று. வந்தவர் யாரையும் கேட்காமல் தன் எழுத்துக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை வாங்கி வடிவோடு போட்டுப் பார்த்தேன். சண்முகம், சங்கரன், சிதம்பரம், சுப்பிரமணியன், சுப்பையா, சொக்கலிங்கம், செல்லையா, இன்னொரு சுப்பிரமணியன், அவர் மருமகன் சுப்பிரமணியன். ச மேசையில் மடிமேல் மடியாக உட்கார்ந்தாலும் இடம் காணாது. ஞ மேசையில் ஈ காக்கை இல்லை. ஒரே அறைக்குப் பல பேர் வந்து முட்டிக்கொள்வதற்குப் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது. கல்யாணத்தில் அதற்குப் பெயர் வெட்டுக்குத்து.

"ஞ-வுக்கு ஒரு ஆளாவது வேணுமே, ஞானசம்பந்தம்னு யாருக்காவது பேர் மாத்திருவமா அக்கா?" என்று வடிவு உருண்டு உருண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இந்த வீட்டில். நினைத்ததோடு சரி, வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

ட்ரீ. வேர், கிளை, கிளைக்குக் கிளை. குடும்பத் தலைவரைக் கூப்பிட்டால் அவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளை. எல்லாருக்கும் மேலே ஒரே ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் வம்சத்தை வரைந்து பார்த்தேன். அத்தை மகனை மாமா மகள் கட்டி, அவர்கள் பிள்ளை சித்தி முறையாகிறவளின் தங்கையைக் கட்டி, ஒரே ஆள் மூன்று கிளையிலிருந்து இறங்குகிறார். கடையநல்லூர் அம்பலவாணன் எனக்குப் பெரியப்பாவும் ஆகிறார், மாமாவும் ஆகிறார், ஒரு வழியில் தம்பியும் ஆகிறார். இது மரம் இல்லை, கொடி சுற்றிய வேலி. பேப்பரைச் சுருட்டிப் போட்டேன்.

"ஸ்டாக்னு ஒண்ணு சொன்னியே, அது என்னக்கா?" என்றாள் வடிவு, மருதாணிக் கையைக் காற்றில் பிடித்துக்கொண்டு.

"இட்லித் தட்டு அடுக்குத மாதிரி. முதல்ல வச்சது அடியில போயிரும். கடைசியா வச்சதை முதல்ல எடுக்கணும். முதல்ல வந்தவுக கடைசிலதான் வெளிய வர முடியும்."

"பந்திக்கு ஆகாதோ?"

"காலைல வந்த பெரியாளை மத்தியானம் கடைசியா சாப்பிடச் சொன்னா அடிதான் விழும்."

ஸ்டாக்கை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முடிவாகிவிட்டது. ப்ரையாரிட்டி க்யூதான், ஆனால் மதிப்பைப் போட்டது நான் மட்டும். டோக்கன் அச்சடித்து வந்துவிட்டது, அழகான ரோஸ் அட்டை. ஒன்றாம் நம்பர் டோக்கன் ஆவுடை அத்தைக்கு. முதல் பந்தி, முதல் வரிசை, முதல் நாற்காலி. அவள் யாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு நிற்கவே வேண்டாம். சும்மா அகரவரிசைப்படி போட்டதில் அவளுக்கு ஒன்று வந்தது, மற்றபடி பாசமெல்லாம் இல்லை. அம்பலவாணன் அகரவரிசையில் அவளுக்கு முன்னால் வருவார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அச்சானபின் என்ன செய்வது?

அம்மா டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மைனியை முதல் பந்தில போடுததுக்குக் கொஞ்சம் யோசிட்டி" என்றாள். நாத்தனாரை அவள் மைனி என்றுதான் சொல்வாள். அம்மாவுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் தெரியாது. பிறகு அத்தைக்கு எடுத்த சேலையைக் காட்டினாள், மங்கலான காப்பிப்பொடி நிறம். ஏன் இப்படி என்றால், "கண் ஆபரேசனுக்கு அப்புறம் அவுகளுக்குச் சரிகை பளபளனு இருந்தா கூசுது" என்கிறாள். எட்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லாதவளின் கண் ஆபரேஷன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? காற்றுவாக்கில் வந்திருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

மாப்பிள்ளை அழைப்பு முடிந்தது. அத்தை வரவில்லை. அப்பா ஒவ்வொரு ஆட்டோவுக்கும் வாசலுக்குப் போய்ப் பார்த்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று பேனா பிடிக்கக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாலி கட்டுகிற நேரத்தில், கெட்டிமேளம் முழங்கும்போது, மண்டபத்தின் பின்வாசலில் ஆவுடை அத்தை நின்றாள். கையில் அதே துணிப்பை. கறுப்புக் கண்ணாடி. ஆள் பாதியாகிவிட்டாள். அட்சதையை அங்கிருந்தே போட்டாள், அது எனக்கு முன்னால் இருந்தவர் தலையில் விழுந்தது.

கீழே பந்தி தொடங்குகிற நேரம். என் டோக்கன் ஏற்பாடு அதற்குள்ளேயே சீரழிந்துகொண்டிருந்தது. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே ஜனங்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்கள், பழக்கதோஷம். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நாற்பத்தேழு வந்திருந்தது, அவர் தம்பிக்குப் பன்னிரண்டு. பெரியவர் தூணில் சாய்ந்து, முகத்தைக் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டு, "எங்களுக்குப் பசியில்லை" என்றார். அவர் பக்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் பசி போய்விட்டது.

நான் அதைப் பார்க்கவில்லை. அத்தையிடம் ஓடினேன். "வாங்க அத்தை! ஒங்களுக்குத்தான் ஒண்ணாம் நம்பர். முதல் பந்தி, முதல் நாற்காலி. நேரா போய் ஒக்காரலாம்" என்று ரோஸ் அட்டையை நீட்டினேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குச் சீட்டா?"

"ஆமாத்தை, முதல் சீட்டு!"

"ஏட்டி செண்பகம், நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா? சம்பந்தி சனத்துக்குப் போடுத எலையை எனக்குப் போட்டு, தின்னுட்டுப் போங்குத. அப்படித்தான?" துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வழியை மறித்து நின்றேன். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "ஒக்காருக்கா, ஒக்காரு. அன்னைக்கு மாதிரி நாற்காலிக்குக் காத்து நிக்காண்டாம்" என்றார்.

அத்தை நின்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நான் நாற்காலிக்கால நின்னேன்? எனக்கு முட்டு வலிச்சா தரையில ஒக்காரத் தெரியாதா? நீ சாப்பிடலைனுல்லா நின்னேன். வந்தவுகள்லாம் உண்டு முடிச்சு, வீட்டாளுக கடைசியா ஒக்காருவோமே, அப்ப எந் தம்பிகூட ஒக்காரலாம்னு நின்னேன். நீ ஒன் ஆபீசரைக் கூட்டியாந்து ரெண்டாம் பந்தில தின்னுட்டுக் கையக் கழுவிட்டுப் போயிட்ட. அக்கா சாப்ட்டாளானு ஒரு வார்த்தை உண்டா? அப்ப நான் நின்னது ஒன் நாற்காலிக்குப் பின்னாலதாம்ல."

எட்டு வருஷம் நாங்கள் நாற்காலியை நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அப்பா, "எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

"தெரியணும்லா."

"தெரியணுந்தான்." கல்யாணப் பெண்ணின் தகப்பனார், பட்டுவேட்டியும் சந்தனமுமாக, அக்காவின் துணிப்பையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். "இன்னைக்கு நான் இன்னும் சாப்பிடலைக்கா."

அத்தை அவரையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த ஒன்றாம் நம்பர் அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு நேரே தூணுக்குப் போனாள். "சம்பந்தி, பிள்ளைக தெரியாம மாத்திக் குடுத்துருச்சுக. ஒங்க சீட்டு இந்தா இருக்கு, ஒண்ணாம் நம்பர். நீங்க ஒக்காராம இங்க எலை விழுமா?" பெரியவர் அட்டையைப் பார்த்தார். கூரையிலிருந்து முகம் இறங்கியது. அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரே சமயத்தில் பசி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பந்தியை அத்தை எடுத்துக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இங்க பருப்பு வரலை, அங்க அப்பளம்" என்று போனாள். எல்லாரையும் கைபிடித்து உட்கார வைத்தாள். அரே, க்யூ ஒன்றும் இல்லை, அத்தைதான். மீதி டோக்கன்களைக் குழந்தைகள் விசிறியாக்கிக்கொண்டார்கள். "அத்தை, மாத்திரை ஏதும் போடணுமா, இவ்வளவு நேரம் சாப்பிடாம..." என்று பின்னாலேயே அலைந்தேன். "ரெண்டு இட்லி தின்னுட்டுத்தான் வந்தேன், ஒங்கம்மைட்ட கேளு" என்றாள். அம்மாவிடம் ஏன் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா சட்டென்று தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

கடைசிப் பந்தி மூன்று மணிக்கு மேல். கூடம் காலி. ஒரே வரிசையில் அத்தை, அடுத்து அப்பா, அம்மா, நான், கடைசியில் வடிவும் மாப்பிள்ளையும். அவியல் தீர்ந்துபோயிருந்தது, பாயசம் அடிப்பிடித்த வாசம். அப்பா அத்தையின் இலையில் உப்பு இருக்கிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண் கிளம்ப வேண்டும் என்று கூப்பிட்டார்கள். முதலில் மாப்பிள்ளை எழுந்தார், கூடவே வடிவும் எழுந்தாள். இந்தக் குடும்பத்துக்குக் கடைசியாக வந்தவர்கள். வடிவின் பெட்டியை எடுத்துக் கொடுக்க நான் எழுந்தேன். ஆரத்தி கரைக்க அம்மா எழுந்தாள். கை கழுவித் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குடும்பத்துக்கு வந்த வரிசைக்கு நேர் தலைகீழாக எழுந்துகொண்டிருந்தோம்.

இரண்டு பேர் மட்டும் மீதி. அத்தைக்குப் பல் இல்லை, மெதுவாகத்தான் சாப்பிட முடியும். அப்பாவின் இலை எப்போதோ காலி. வாசலில் கார் ஹாரன் அடித்தது, "அப்பா!" என்று வடிவே கூப்பிட்டாள். அப்பாவின் வலது கை அப்படியே காய்ந்து வெள்ளையாகிவிட்டது, அவர் எழவில்லை. அத்தை மோர் குடித்து, இலையை மடித்து, "சரி, எந்திரில" என்றபிறகுதான் எழுந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வகுப்பு நடந்தது. அரே, லிங்க்டு லிஸ்ட், க்யூ, ஹாஷ் டேபிள் என்று பந்தியை வைத்தே ஓட்டினேன். ரசத்தோடு நகர்ந்தவர்களுக்கு நல்ல சிரிப்பு. எது உயர்ந்தது என்று ஒரு பையன் கேட்டான். எதுவும் உயர்ந்ததில்லை, உள்ளே இருப்பவர் எதற்காக நிற்கிறார் என்று முதலில் தெரிந்துகொள், அப்புறம் தேர்ந்தெடு என்றேன்.

"மேடம், ஸ்டாக்குக்கு உதாரணம் சொல்லவே இல்லையே?" என்றாள் ஒரு பெண். "எல்லாரும் தட்டு அடுக்கைத்தான் சொல்றாங்க."

"எங்க வீட்டுக் கடைசிப் பந்தி" என்றேன். "முதல்ல அந்த வீட்டுக்கு வந்தவங்க கடைசியா எழுந்திருப்பாங்க. அவங்களுக்கு முன்னாடி எழுந்திருக்கக் கூடாதுன்னு ஒருத்தர் கை காயக் காய..." அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.

"மேடம்? அழறீங்களா?"

நெட் சரியில்லை என்று சொல்லிக் கேமராவை அணைத்தேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.